எனக்கு வேணும்

போன வருடம் குலசை தசரா முடிந்த மறுவாரம் சித்தப்பாவிடமிருந்து போன். குரலில் ஒரு நடுக்கம். "ஏல, ஒன் தங்கச்சி வேதத்துல சேந்துட்டாளா என்னன்னு நீ மெதுவா கேட்டுச் சொல்லு. எங்கிட்டன்னா சண்டைக்கு வருவா."

எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவராக மாறுவதை 'வேதத்தில் சேர்வது' என்றுதான் சொல்வோம். தங்கச்சி, அதாவது என் சித்தி மகள், மேற்படிப்புக்காக ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அங்கே தோமையார் கோயிலில் சனிக்கிழமை மதியம் சிறுவர்களின் பாடகர் குழு பாக் இசையைப் பாடும். பாக் அந்தக் கோயிலில் 1723-லிருந்து 1750-ல் சாகும் வரை இசைத் தலைவராக இருந்தவர். இவள் ஒரு வாரம் தவறாமல் போயிருக்கிறாள். வீடியோவையும் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டிருக்கிறாள். அதில் பலிபீடம் தெரிந்ததுதான் பிரச்சினை.

கேட்டேன். முதலில் சிரித்தாள், அப்புறம் கோபப்பட்டாள். "பாட்டு கேக்கத்தான் போறேன் அண்ணே. முத்தாரம்மன் கோயில்ல மேளம் அடிக்கும்போது உள்ளுக்குள்ள ஒண்ணு ஆவும்ல, அதேதான் இங்கயும் ஆவுது. இந்த ஊரு மேல எனக்கு ஆசை வந்துட்டு. வாடகைக்கு வீடு கேட்டா என் பேரைக் கேட்டதும் போனை வச்சவங்களும் இந்த ஊருலதான் இருக்காங்க. அப்பமும் ஆசை போவல. இது தப்பா?"

தப்பில்லை என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் போனை வைத்த பிறகு அது யோசிக்காமல் சொன்ன பதிலாகத் தோன்றியது. நாங்கள் பிறந்த கரையில் இந்தக் கேள்வி 500 வருடமாகக் கிடக்கிறது. ஒரு அந்நிய நாட்டின் மீது ஆசைப்பட்டவர்கள் இங்கிருந்து போயிருக்கிறார்கள், அங்கிருந்து வந்திருக்கிறார்கள். அந்த ஆசைக்குக் கரை முழுக்க விலையும் கொடுத்திருக்கிறது.

குலசேகரன்பட்டினத்தை இப்போது எல்லாரும் ராக்கெட் ஏவுதளம் வரப்போகிற ஊராகச் சொல்கிறார்கள். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு முன்னால் தசரா ஊர். அதற்கும் முன்னால் பாண்டியன் பெயரைச் சுமக்கிற ஒரு துறைமுகம். தெற்கே மணப்பாடு, வடக்கே திருச்செந்தூர் தாண்டினால் காயல்பட்டினம், தாமிரபரணி கடலில் விழுகிற இடத்தில் புன்னைக்காயல். அதற்கும் வடக்கே தூத்துக்குடி, வேம்பார். போர்ச்சுகீசியர் இந்தக் கரை முழுவதையும் முத்துக்குளித்துறை என்றே எழுதினார்கள். நான் சொல்லப்போகிற கதை பெரும்பாலும் இந்த ஊர்களுக்குள்ளேயே நடக்கிறது. ஆனால் அது ஆரம்பிப்பது கோழிக்கோட்டில், படிக்கப்போன ஒரு பையனிடம்.

1513-ல் கோழிக்கோட்டு சாமூதிரி சுமார் 15 வயதுப் பையன் ஒருவனை லிஸ்பனுக்கு அனுப்புகிறார். போர்ச்சுகீசியரோடு அப்போதுதான் சமாதானம் ஏற்பட்டிருந்தது. அவர்கள் நாடு எப்படி, ராஜா எப்படி என்று பார்த்துவர ஒரு ஆள் தேவை. பையன் போனான், மொழி படித்தான், அந்த ஊரின் நடை உடையில் மயங்கினான். ஞானஸ்நானம் பெற்று ஜோவான் த குரூஸ் ஆனான். ராஜா மானுவேல் அவனுக்குக் கிறிஸ்துவின் வீரர் பட்டமே கொடுத்தார். திரும்பி வந்தபோது அனுப்பிய சாமூதிரிக்கு அவனைப் பிடிக்கவில்லை. பிறகு வியாபாரம், கடன், குதிரை வாணிபம் என்று அலைந்து, 1530-களின் நடுவில் கன்னியாகுமரிப் பக்கம் வந்து சேர்கிறார்.

அந்தச் சமயம் முத்துக்குளித்துறை கொதித்துக்கொண்டிருந்தது. முத்துக் குளிக்கும் உரிமை யாருக்கு, அதை யார் குத்தகைக்கு எடுப்பது என்று பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் மோதல் முற்றி ரத்தம் சிந்தியிருந்தது. லிஸ்பனில் படித்தவர் பரதவத் தலைவர்களுக்கு ஒரு யோசனை சொன்னார்: போர்ச்சுகீசியர் மதத்தில் சேருங்கள், அவர்கள் கப்பல் உங்களைக் காக்கும். தலைவர்களின் குழு கொச்சிக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றது. அடுத்த ஓரிரு வருடங்களில், போர்ச்சுகீசியர் கணக்குப்படி, கரையில் சுமார் 20,000 பேர் சேர்ந்தார்கள். பர்னாந்து, கோமஸ், மச்சாடோ, ரொட்ரிகோ, மிராந்தா என்று இன்றும் நம் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் இருக்கிற பெயர்கள் அப்படி வந்தவைதான்.

இதை வாசித்தால் சித்தப்பா, "பாத்தியா, நான் சொன்னேம்லா" என்பார். ஒரு பையன் வெளிநாடு போய் மயங்கினான், ஒரு கரையே மாறிவிட்டது. ஆனால் எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. ஜோவானின் மயக்கம் ஜோவானுடையது. பரதவர்கள் யாரும் லிஸ்பனைப் பார்த்து மயங்கவில்லை. அவர்களுக்கு முன்னால் இருந்தது பிழைப்பு. கடலில் தங்கள் பங்கைக் காப்பாற்ற எது கையில் கிடைத்ததோ அதைப் பிடித்தார்கள். அவர்களை ஏமாந்தவர்கள் என்று எழுதுகிறவர்களும் உண்டு, எனக்கு அது பிடிக்காது. பேரம் என்னவென்று தெரிந்துதான் பேசினார்கள்.

ஞானஸ்நானம் கிடைத்தது. ஆனால் வந்த மதத்தில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குப் புரிகிற பேச்சில் சொல்ல ஆள் இல்லை. 1542-ல் சவேரியார் வந்தார். மணப்பாட்டில் கடலைப் பார்த்தபடி இருக்கும் அவர் குகைக்கு இன்றும் ஜனம் போகிறது. அவருக்குத் தமிழ் கடைசிவரை வசப்படவில்லை. உள்ளூர் ஆட்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துக்கொண்டே தெருத்தெருவாகச் சொல்லிக்கொடுத்தார். 1544-ல் தன் தோழர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'வேணும்' என்று சொல்லி வருகிறோம், அதை மாற்றுங்கள். அந்தச் சொல்லுக்கு ஆசைப்படுகிறேன் என்றுதான் பொருள், நம்புகிறேன் என்ற பொருள் இல்லை, விசுவாசம் என்ற சொல்லைப் போடுங்கள் என்கிறார்.

யோசித்துப் பாருங்கள். அதுவரை இந்தக் கரையில் ஜனங்கள் கை கூப்பி நின்று, கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதில் 'எனக்கு வேணும்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்புப் பிழைதான். ஆனால் அந்த நாட்களில் எல்லாத் தரப்பும் உண்மையில் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். போர்ச்சுகீசியருக்கு முத்து வேணும். வணிகர்களுக்குக் குத்தகை வேணும். பரதவர்களுக்குக் காவல் வேணும்.

இந்த இடத்தில்தான் நான் சொல்ல விரும்பும் ஆள் வருகிறார்.

ஹென்றிக்கே ஹென்றிக்கஸ், தமிழில் அண்டிரிக் அடிகளார். 1520-ல் போர்ச்சுகலில் விலா விசோசா என்ற ஊரில் பிறந்தவர். அவர் குடும்பம் யூத வம்சத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தது. அப்படிப்பட்டவர்களை அங்கே 'புதுக் கிறிஸ்தவர்' என்பார்கள். தலைமுறை கடந்தாலும் புதுசு புதுசுதான். பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். வம்சம் தெரியவந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1545-ல் சேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. அடுத்த வருடம் கப்பல். 1547-ல் முத்துக்குளித்துறை.

வந்ததும் அவருக்கும் துபாஷிதான். அவர் ஒன்று சொல்ல, துபாஷி வேறொன்று சொல்ல, ஜனம் மூன்றாவதாக ஒன்றைப் புரிந்துகொண்டது. சில மாதங்களில் அதை விட்டுவிட்டு மொழியைப் படிக்க உட்கார்ந்தார். 1548 அக்டோபரில் வேம்பாரிலிருந்து ரோமில் இருந்த இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில், லத்தீன் இலக்கணம் மாதிரியே தமிழுக்கும் ஒன்றைத் தனக்காகச் செய்துகொண்டதாகவும், காலமும் வேற்றுமையும் பிசகாமல் இப்போது துபாஷி இல்லாமலே பேசுவதாகவும் சொல்கிறார். படிப்பு கைகூடிய ஒரு மாணவனின் சந்தோஷம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. வெளிநாட்டில் முதல்முறை அந்த ஊர்மொழியில் கடையில் பொருள் வாங்கிவிட்டு வீட்டுக்குப் போன் அடிப்பார்களே, அந்த மாதிரி.

அந்தக் குறிப்புகள் வளர்ந்துதான் 'மலபார் மொழியின் இலக்கணம்' ஆயிற்று. அன்றைய போர்ச்சுகீசியர் தமிழையும் மலபார் மொழி என்றே சொன்னார்கள். கைப்பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஜீன் ஹெய்னும் வி.எஸ். ராஜமும் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விளக்கியிருக்கிறார்கள். ஹார்வர்டு கீழைத்தேய வரிசையில் 2013-ல் வந்தது. ஐரோப்பியர் ஒருவர் எழுதி இன்று நமக்குக் கிடைக்கும் முதல் தமிழ் இலக்கணம் அது. அதன் அருமை எனக்குப் படுவது இங்கேதான்: அவர் நன்னூல் படித்து எழுதவில்லை. வலை காயப்போடுகிற இடத்தில், நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கிற இடத்தில் காதில் விழுந்த தமிழை எழுதினார். நம் புலவர்கள் யாரும் எழுதி வைக்கத் தகுந்ததென்று நினைக்காத, 16-ஆம் நூற்றாண்டுக் கடற்கரைப் பேச்சு அது. எங்கள் பேச்சு.

பிறகு அவர் கரையின் சபைக்குத் தலைவரானபோது ஒரு விதி போட்டார். பாதிரியார்கள் தங்களுக்குள்ளும் தமிழில்தான் பேச வேண்டும். தவறி போர்ச்சுகீசியம் பேசினால் தண்டனை உண்டு. நான்கு வெள்ளைக்காரர்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து உப்பை எடு என்பதற்குத் தமிழில் தடுமாறிக்கொண்டிருப்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. நம்மூர் ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் தமிழ் பேசினால் அபராதம் வாங்குகிறார்களே, அதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகி வெளிவந்தது. 16 பக்கம். இந்தியாவில் இந்திய எழுத்தில் அச்சான முதல் புத்தகம். அச்சுச் செலவுக்குப் பரதவர்கள் பணம் கொடுத்தார்கள். 1579-ல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்', 1586-ல் புனிதர் வரலாறுகளைச் சொல்லும் பெரிய புத்தகம் 'அடியார் வரலாறு'. கடவுளுக்கு லத்தீன் சொல்லையே வைத்துக்கொண்டிருக்கலாம். தம்பிரான் என்று போட்டார்கள். வேத பாடத்துக்கு வணக்கம் என்று பேர் வைத்தார்கள். இந்த மொழிபெயர்ப்புகளில் அவருக்குத் துணை நின்றவர் பேரோ லூயிஸ், கொல்லத்துப் பிராமணர், 1561-ல் சேசு சபையில் சேர்ந்த முதல் இந்தியர்.

அவருக்குப் பிறகு நெடுங்காலம் வேறு இந்தியர் எவரையும் சபை சேர்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தமிழ் வேண்டும், தமிழன் வேண்டாம். 1593-ல் சேசு சபை யூத வம்சத்தவரையும் இனிச் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் போட்டது. அண்டிரிக் அடிகளார் அப்போது உயிரோடு இருந்தார், வயது 73. தன் வீட்டுக் கதவை தன்னைப் போன்றவர்களுக்குச் சாத்துவதை, புன்னைக்காயல் பக்கம் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

சாதியைக் குறிக்கிற ஆங்கிலச் சொல் போர்ச்சுகீசியரின் 'காஸ்தா'விலிருந்து வந்தது. குலம், வம்சம் என்பது பொருள். ரத்தத்தைப் பார்த்து ஆளைத் தள்ளிவைக்கிற பழக்கம் அவர்களுக்கு ஊரிலேயே தெரியும். அதனால்தான் இங்கே வந்ததும் நம்முடையதைச் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டு பேரும் வைத்துவிட்டார்கள். கட்டிலையும் மாங்காயையும் எடுத்துப் போன அந்த மொழிகள் 'பறையர்' என்ற பெயரையும் எடுத்துப் போய், ஒதுக்கப்பட்டவன் என்பதற்குச் சொல்லாக்கி வைத்துக்கொண்டன. நாம் சன்னல், மேசை, அலமாரி, சாவி, ஏலம், பீப்பாய் எல்லாம் வாங்கிக்கொண்டோம். கணக்குப் பார்த்தால் நமக்குத்தான் லாபம் என்று சிரித்துக்கொள்ளலாம், பறையர் என்ற அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டால்.

அண்டிரிக் அடிகளாரைப் புனிதப்படுத்த நான் தயாரில்லை. இந்துக்களின் நம்பிக்கைகளைக் கேட்டறிந்ததே அவற்றை மறுத்து எழுதத்தான். அவர் படித்த ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் கரையில் போர்ச்சுகீசியக் கப்பல் நின்றது. முத்தில் அவர்களுக்குப் பங்கு போனது. ஆனால் 53 வருடம் என்பதை என்ன செய்வது? 27 வயதில் வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. ஒரு வேலைக்கு வேண்டிய மொழியை ஐந்து வருடத்தில் கற்றுவிடலாம். மீதி 48 வருடத்துக்கு வேறு காரணம் வேண்டும். 1600 பிப்ரவரியில் இறந்து தூத்துக்குடியில் அடக்கமானார். சாவுச் செய்தி கேட்டு அக்கம்பக்கத்து முஸ்லிம்களும் இந்துக்களும்கூடத் துக்கம் காத்தார்கள் என்று சேசு சபையினர் எழுதி வைத்திருக்கிறார்கள். தங்கள் ஆளைப் பற்றித் தாங்களே எழுதியது, கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். முழுக்கத் தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை.

எதிர்த்திசையில் போனவர்களையும் சொல்லிவிடுகிறேன். தம்பிரான் வணக்கத்துக்கு 24 வருடம் முன்பே, 1554-ல், லிஸ்பனில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சாகியிருக்கிறது. தமிழ் எழுத்தில் இல்லை, ரோமன் எழுத்தில். தமிழ் வரி ஒன்று, அதன் தலைக்கு மேல் சொல்லுக்குச் சொல் போர்ச்சுகீசியம். செய்தவர்கள் வின்சென்ட் த நசரெத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ் என்ற மூன்று தமிழர்கள். புத்தகத்தில் அவர்கள் பெயர்கள் போர்ச்சுகீசியப் பெயர்களாகவே நிற்கின்றன, அம்மா கூப்பிட்ட பெயருக்கு அங்கே இடமில்லை. டேகஸ் ஆற்றங்கரையில், கோடு கோடாக நிற்கும் அந்நிய எழுத்துக்குள் ழகரத்தை எப்படி அடைப்பது என்று மூன்று பேர் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த ஊர் பிடித்திருக்கலாம். பிடித்த ஊரில்தான் வீட்டு ஞாபகம் அதிகம் வரும் என்று என் தங்கச்சி சொல்வாள்.

இந்தப் பழைய அச்சுகளை ஐரோப்பிய நூலகங்களில் தேடிப்போய் நமக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பக்கத்தவர், 1913-ல் பிறந்தவர். ரோமில் இறையியல் படித்து, பல ஐரோப்பிய மொழிகளோடு திரும்பியவர். 1940-ல் அவரை ஆசிரியராகப் போட்ட ஊர் வடக்கன்குளம், எங்களுக்கு அடுத்த வட்டாரம். அங்கே ஒரு பண்டிதரிடம் உட்கார்ந்துதான் தமிழ் இலக்கியத்தை முறையாகப் படித்தார். அதன் பிறகே அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 'தமிழ்க் கல்ச்சர்' இதழ், 1966-ல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு எல்லாம். ரோமைப் பார்த்து மயங்கியவர்தான் திரும்பி வந்து சங்கப் பாட்டைக் கண்டு திகைத்துப்போனார். லத்தீனும் கிரேக்கமும் படித்த கண்ணால் பார்த்ததால்தான் அந்தத் திகைப்பு என்பது என் ஊகம். நமக்கு அது வீட்டு மூலையில் கிடக்கிற அண்டா. வெளியே போய்வந்தவனுக்குத்தான் அதில் வேலைப்பாடு தெரிகிறது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியிடம் துண்டுதுண்டாகச் சொன்னேன். சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலை அவளிடம் ஒத்திகை பார்த்தேன் என்றும் சொல்லலாம். 'வேணும்' கதையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "எனக்கு இங்க எதுவும் வேணும்னு இல்ல அண்ணே," என்றாள். பிறகு அவளே திருத்திக்கொண்டாள். "பொய். விசா வேணும். வேலை வேணும். அதையும் சேத்துத்தான் பிடிச்சிருக்கு."

லைப்சிக்கிலிருந்து ஹாலே பக்கம்தானே, போய்ப் பார் என்றேன். சீகன்பால்கு படித்த ஊர். தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்தவர். 1713-ல் நம் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதி அனுப்பினார். சிலை வணக்கத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், பரப்ப இல்லை என்ற ரீதியில் பதில் போய், புத்தகம் கிடப்பில் கிடந்து 1867-ல்தான் அச்சேறியது. அனுப்பியவர்கள் பயந்ததும் சித்தப்பா பயந்ததும் ஒரே விஷயம்.

போய்விட்டு வந்து ராத்திரி போன் பண்ணினாள். அங்கே பிராங்கே நிறுவனத்தில் தரங்கம்பாடியிலிருந்து போன ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றைப் பார்த்திருக்கிறாள்.

"நம்ம எழுத்துதான் அண்ணே. ஆனா வாசிக்க முடியல. ஒரு புள்ளி கூட இல்ல. எது மெய், எது உயிர்மெய்னே தெரியல."

ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும், அதனால் வைக்க மாட்டார்கள், சூழ்நிலையைப் பார்த்து நாமே வைத்துப் படிக்க வேண்டும் என்று சொன்னேன்.

"பக்கத்துல ஒரு கிழவி நின்னுச்சு. என்ன எழுதியிருக்குன்னு எங்கிட்ட கேட்டுச்சு. ஜெர்மன்லதான். நான் முதல் வரியை மட்டும் எழுத்துக்கூட்டி வாசிச்சுக் காட்டினேன். பாதி தப்பாத்தான் இருக்கும்."

"அப்புறம்?"

"இன்னொரு வரி வாசின்னு சொல்லிச்சு."

அடுத்த தசராவுக்கு லீவு போட்டுவிட்டதாகச் சொன்னாள். காளி வேசம் கட்டுவதாகச் சித்தி நேர்ந்திருக்கிறாள், மாலை போட்டு விரதம் இருக்க நாள் பத்தாது என்பதுதான் இப்போது வீட்டில் சண்டை.